இடுப்பு வாதத்தினின்றும் தேறிய மறியாட்டை இனவிருத்திக்கு விடலாமா?

ஆடு வளர்ப்போருக்கான அறிவுரை

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில் ஆடு ஒரு கைச்சேமிப்பாகும். வேளாண்மைக் காணி இல்லாத குடும்பத்திலும் வளவின் மூலையில் இரண்டொரு மறியாடுகள் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கும், வீட்டில் நோய் வந்தவிடத்து வைத்தியச் செலவுக்கும், ஹஜ்ஜுப் பெருநாட் காலத்து வருவாய்க்கும் அவையே கைகொடுக்கின்றன. இத்தகைய வீட்டில், நன்றாய்க் குட்டியீன்று பாலூட்டிய மறியொன்று ஒருநாட் காலை திடீரெனப் பின்கால் இழுத்து விழுந்துவிடுமாயின், அஃது அக்குடும்பத்துக்குப் பேரிழப்பாகும். காலத்தோடு வைத்தியம் செய்து அது மீண்டும் எழுந்து நடந்தால் பிறிதொரு கேள்வி எழுகின்றது. அதனைக் கிடாயுடன் சேர்க்கலாமா? அதன் குட்டிகளுக்கும் அந்நோய் வருமா? அல்லது இறைச்சிக்குக் கொடுத்துவிடுவதே நன்றா?

இக்கேள்விக்கு ஊரில் இருவகை விடை கூறப்படுகின்றது. “வாதம் வந்த ஆட்டின் வயிற்றில் நல்ல குட்டி பிறவாது” என்பர் சிலர். “எழுந்து நடந்துவிட்டதே, இனி என்ன?” என்பர் வேறு சிலர். இரண்டும் பிழையான விடைகளே. சரியான விடையைக் காண்பதற்கு நோய் எங்கிருந்து வருகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1. நோயும் அதன் காரணமும்

நமது நாட்டு வெள்ளாடுகளிலும் செம்மறிகளிலும் காணப்படும் இடுப்பு வாதத்துக்குப் பெருங்காரணமாயிருப்பது செற்றாரியா டிஜிற்றாற்றா என்னும் நூற்புழுவாகும். இதன் இயல்பான இருப்பிடம் மாடும் எருமையும் ஆகும். மாடு அறுப்போர் வயிற்றறையினுள், குடலுக்கு வெளியே, ஒரு விரல் நீளமுள்ள வெண்ணிற நூல் போன்ற புழுக்களைப் பலமுறை கண்டிருப்பர். அவை மாட்டுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. ஆதலால் மாட்டுக்காரர் அவற்றைப் பொருட்படுத்துவதுமில்லை.

அப்புழுக்கள் இடும் நுண்ணிய குஞ்சுகள் மாட்டின் இரத்தத்தில் ஓடுகின்றன. மாட்டைக் கடிக்கும் நுளம்பு இரத்தத்தோடு அவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். நுளம்பின் உடலில் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அவை தொற்றக்கூடிய குடம்பிகளாக வளர்கின்றன. அந்நுளம்பு வேறொரு மாட்டைக் கடித்தால் குடம்பி அம்மாட்டின் வயிற்றறையை அடைந்து முதிர்ச்சி பெறும். ஆட்டையோ செம்மறியையோ குதிரையையோ கடித்தால் குடம்பி வழி தவறி, மூளையையும், முள்ளந்தண்டினுள் ஓடும் நரம்பு வடமாகிய முண்ணாணையும் துளைத்துச் செல்லும். புழு சென்ற வழியெங்கும் நரம்பு சிதைகின்றது. இதனாலேயே கால் தளர்கின்றது.

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவும் இதற்கு உறவினமேயாகும். மனிதரிடத்து அந்நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலையை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் உறுதி செய்தது. ஆட்டின் இடுப்பு வாதமோ மாடும் நுளம்பும் உள்ள இடமெங்கும் இன்றும் நிலைத்திருக்கின்றது.

இந்நோய் குதிரைகளிடத்தும் நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது. இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளில் குதிரைகளுக்கு வந்த இடுப்புத் தளர்வைக் “கும்ரி” என வழங்கினர். அதன் காரணம் பல காலம் விளங்காதிருந்தது. ஆட்டிலும் செம்மறியிலும் காணப்பட்ட மூளை, முண்ணாண் புழுநோயைப் பற்றி இன்னெஸ், சோஹோ, பிள்ளை என்னும் ஆய்வாளர் மூவர் 1952இல் எழுதினர். இலங்கைக் குதிரைகளின் கும்ரியும் அதே நோயே என்பதை இன்னெஸ், பிள்ளை ஆகிய இருவரும் 1955இல் பிரித்தானிய மிருக வைத்திய சஞ்சிகையில் விளக்கினர். எனவே, ஆட்டுக்காரரின் கேள்வியும் குதிரைக்காரரின் கேள்வியும் ஒன்றேயாம்.

2. நமது கரையோரத்தில் இந்நோய் வருவதேன்?

நமது ஊர்கள் கிழக்கே கடலுக்கும் மேற்கே வயல்வெளிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டியில் நெருக்கமாக அமைந்துள்ளன. கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்களால் நீர் பெறும் வயல்கள் ஆண்டில் இருபோகமும் நீர் நிறைந்து கிடக்கும். வெட்டு முடிந்தபின் மாட்டுப்பட்டிகள் அவ்வயல்களில் மேய வருகின்றன. ஊரினுள்ளோ நீர் வடியாத கான்களும் குழிகளும் உள்ளன. வடகீழ்ப் பருவக்காற்று மழை ஒக்டோபரில் தொடங்கி, நொவெம்பர் முதல் ஜனவரி வரை மிகும். அக்காலத்தில் நுளம்பும் பெருகும். கடி நிகழ்ந்து சில வாரங்கள் கழிந்த பின்னரே கால் தளர்வதால், மழைக்காலத்தின் நடுவிலும் அதனை அடுத்த வாரங்களிலும் ஆடுகள் விழுவதை எதிர்பார்க்க வேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகின்றது. இந்நோயின் வேர் மாட்டின் வயிற்றறையிலும் நுளம்பின் வாயிலும் இருக்கின்றதேயன்றி ஆட்டின் வித்தில் இல்லை. இது பரம்பரை நோயன்று. நோயுற்ற ஆட்டிலிருந்து பக்கத்து ஆட்டுக்குத் தொற்றுவதுமன்று. ஆகவே “வாதம் வந்த ஆட்டின் குட்டிக்கும் வாதம் வரும்” என்ற அச்சத்துக்கு, நோய் உண்மையில் இப்புழுவினால் வந்ததாயின், இடமில்லை. தாயும் குட்டியும் ஒரே கொட்டிலில் ஒரே நுளம்பிடம் கடிபடும்போது இரண்டும் விழுவதுண்டு. அது கொட்டிலின் குற்றமேயன்றித் தாயின் குற்றமன்று.

3. முதலாவது கேள்வி: வந்த நோய் எது?

மேலே “புழுவினால் வந்ததாயின்” என்று கூறியதைக் கவனிக்க. கால் தளரும் நோய்கள் பல உள. இடுப்பு வாதத்தை உயிருள்ள ஆட்டில் ஐயமற நிறுவுவது அரிது. முண்ணாணை நுண்காட்டியில் ஆராய்ந்தாலன்றிப் புழு சென்ற தடம் தெரியாது. எனவே மிருக வைத்தியர் நோயின் வரலாற்றையும் அறிகுறிகளையும் கொண்டே தீர்மானிக்கின்றார். இடுப்பு வாதத்தில் பெரும்பாலும் ஆடு நல்ல உடற்கட்டுடன் இருக்கும்போதே திடீரென விழும். காய்ச்சல் இராது. விழுந்த பின்னும் இலை நீட்டினால் உண்ணும். ஒரு கால் மற்றையதிலும் மிகத் தளர்ந்திருக்கலாம். சிலவற்றில் கழுத்து ஒருபுறம் கோணும்.

பின்வரும் நோய்கள் இதனைப் போலத் தோன்றினும் வேறானவை. அவற்றுக்கு இனவிருத்தி பற்றிய விடையும் வேறாகும்.

(அ) விசர்நாய்க்கடி நோய். விலங்குகளில் இதுவும் கால் தளர்ச்சியாகத் தொடங்கலாம். உமிழ்நீர் வடிதல், விழுங்க முடியாமை, குரல் மாற்றம், நாய் அல்லது கீரி கடித்த செய்தி ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் ஆட்டின் வாயினுள் கைவிடலாகாது. பாலைக் கறத்தலும் ஆகாது. உடனே வைத்தியருக்கு அறிவிக்க.

(ஆ) இலிஸ்ரீரியா என்னும் பற்றீரியாவால் வரும் மூளை அழற்சி. காது, இமை, உதடு ஒருபுறம் தொங்கும், ஆடு ஒரே பக்கமாகச் சுற்றும், காய்ச்சலும் இருக்கலாம். இப்பற்றீரியா கருவைச் சிதைக்கவும் பாலில் வெளிப்படவும் கூடியது. கருவுற்ற பெண்கள் இத்தகைய ஆட்டையும் அதன் சிதைந்த கருவையும் தொடாதிருத்தல் வேண்டும்.

(இ) வெள்ளாட்டின் மூட்டு, மூளை அழற்சி வைரசு. இது தாயின் சீம்பாலிலும் பாலிலும் குட்டிக்குச் செல்லும். இந்நோய் உறுதிப்பட்ட மறியை இனவிருத்திக்கு வைத்திருத்தல் தகாது.

(ஈ) செம்புக் குறைபாடு. கருக்காலத்தில் தாய்க்குச் செம்புச் சத்துப் போதாதுவிடின் குட்டிகள் பிறக்கும்போதே அல்லது சில வாரங்களில் பின்கால் தளரும். இது பரம்பரை நோய் போலத் தோன்றும். ஆயினும் தீனியைத் திருத்தினால் அடுத்த ஈற்றைக் காக்கலாம்.

(உ) அடிபடுதலும் கட்டியும். முதுகெலும்பில் அடிபட்டோ சீழ்க்கட்டி நெருக்கியோ வந்த தளர்ச்சி கருச்சுமையால் மீண்டும் மிகலாம்.

குதிரை வளர்க்கும் நாடுகளிலும் இவ்வாறே. முன்பு நரம்பு நோய் கண்ட பெண் குதிரையைச் சேர்க்கலாமா என்பதற்கு நோய்க்கேற்ப மூன்று விதமான விடை கூறுவர். அமெரிக்கக் கண்டங்களில் ஒப்போசம் என்னும் விலங்கின் எச்சத்தால் தீனி மாசடைந்து வரும் ஒருகல உயிரி நோய் பரம்பரையானதன்று. ஆதலால் அங்கே குதிரையின் உடல்வலுவே முடிவைத் தரும். கழுத்தெலும்பின் வழி ஒடுங்கி முண்ணாணை நெருக்கும் நோய்க்குப் பரம்பரைத் தொடர்பு இருக்கலாம் எனக் கருதப்படுவதால் பலர் அத்தகைய குதிரையைச் சேர்ப்பதில்லை. குதிரைகளின் ஹேர்ப்பீஸ் வைரசு நரம்புத் தளர்ச்சியையும் கருச்சிதைவையும் உண்டாக்குவது. அது உடலில் மறைந்திருந்து மீண்டும் எழக்கூடுமாதலால் அக்குதிரையை மற்றைய கருவுற்ற குதிரைகளிடத்து விடுவதில் எச்சரிக்கை வேண்டும். மூன்றிலும் கால் தளர்ச்சி ஒன்றே. காரணம் வேறாதலால் விடையும் வேறாகின்றது.

ஆதலால் ஆடு விழுந்த அன்றே வைத்தியரை அழைத்து, அவர் கண்ட நோய், விழுந்த திகதி, கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திடுக. மூன்று மாதத்தின் பின் நினைவிலிருந்து கூறும் வரலாறு வைத்தியருக்குப் பயன்படுவதில்லை.

4. இரண்டாவது கேள்வி: மறி எவ்வளவு தேறியுள்ளது?

மருந்து புழுவைக் கொல்லும். சிதைந்த நரம்பை மீண்டும் உண்டாக்காது. அழற்சி தணிவதாலும் எஞ்சிய நரம்புகள் வேலையை ஏற்பதாலுமே ஆடு எழுகின்றது. காலத்தோடு மருந்து பெற்றது நன்கு தேறலாம். பல நாள் படுத்துக் கிடந்தது எழுந்தாலும் குறையோடு எழும். நடப்பதை மட்டும் கண்டு முழுமையாகத் தேறிவிட்டதென எண்ணுதல் தவறு. கீழ்க்காணும் சோதனைகளை வாரம் ஒரு முறை செய்து குறித்துக்கொள்ளுக.

முதலாவது: படுத்திருக்கும் மறியைத் தட்டி எழுப்புக. முதலிற் பின்புறத்தைத் தூக்கி, துணையின்றி, ஒரே முயற்சியில் எழுகின்றதா?

இரண்டாவது: கயிற்றிற் பிடித்து இடப்புறமும் வலப்புறமும் ஒடுங்கிய வட்டமாகச் சுற்றுக. பின்கால்கள் ஒன்றையொன்று மிதித்துத் தடுமாறுகின்றனவா?

மூன்றாவது: பின்கால் ஒன்றின் குளம்பை மடித்து அதன் மேற்புறம் நிலத்திற் படும்படி வைக்க. நலமுள்ள ஆடு உடனே திருப்பி ஊன்றும். நரம்புக் குறையுள்ளது அவ்வாறே விட்டுவிடும்.

நான்காவது: ஒரு சாண் உயரமான பலகையைத் தாண்டச் செய்க. குளம்பின் நுனி தட்டுப்படுகின்றதா? குளம்பின் முன்பக்கம் தேய்ந்திருக்கின்றதா?

ஐந்தாவது: வாலை உயர்த்துகின்றதா, சிறுநீரும் புழுக்கையும் தடையின்றிக் கழிகின்றனவா என்று பார்க்க.

ஆறாவது: இடுப்பின் மேற்புறத்தைக் கையால் தடவுக. இருபுறத் தசையும் ஒத்திருக்கின்றதா, ஒருபுறம் வற்றியிருக்கின்றதா?

இவ்வாறு சோதித்து, தேறிய நாளிலிருந்து மூன்று மாதமாவது தளர்ச்சி திரும்பாதிருப்பின் அடுத்த கேள்விக்குச் செல்லலாம். ஒரு பக்கத்தில் மெல்லிய தடுமாற்றம் மட்டும் எஞ்சியிருந்தால் வைத்தியரின் கருத்தை அறிந்தே செயற்படுக. துணையின்றி எழமாட்டாத மறியை எக்காரணத்தைக் கொண்டும் சேர்க்கலாகாது.

5. மூன்றாவது கேள்வி: கருவைச் சுமக்குமா?

வெள்ளாட்டின் கருக்காலம் ஏறக்குறைய 150 நாட்களாகும். முதல் மூன்று மாதமும் கரு சிறிதாகவே இருக்கும். கருவின் வளர்ச்சியிற் பெரும்பகுதி கடைசி இரண்டு மாதத்தில் நிகழும். இரட்டைக் குட்டியாயின் குட்டிகளும் நீரும் நச்சுக்கொடியுமாகத் தாய் பல கிலோ எடையை இடுப்பிலே சுமத்தல் வேண்டும். இன்று வட்டமாகச் சுற்றும்போது சிறிது தடுமாறும் மறி, அக்காலத்தில் விழுந்துவிடலாம். விழுந்த சினையாடு போதிய தீனி உண்ணாது. அப்பொழுது உடற்கொழுப்பு விரைந்து கரைந்து இரத்தம் நஞ்சாகும் சினைக்கால நோய் வந்து, தாயும் குட்டியும் ஒருங்கே இறக்கலாம். குட்டி ஈனும்போது முக்குவதற்கும், ஈன்றபின் குட்டியை மிதியாது நின்று பாலூட்டுவதற்கும் பின்கால் வலு வேண்டும்.

பெண் குதிரைக்கு இவ்வாபத்து இன்னும் பெரிது. அதன் கருக்காலம் ஏறக்குறைய 11 மாதம். குட்டியின் எடை தாயின் எடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகும். அத்தனை பெரிய விலங்கு விழுந்தால் மனிதர் கைகொடுத்துத் தூக்க இயலாது.

சேர்க்கும் வேளையையும் எண்ணுக. பாரமான கிடாய் ஏறும்போது தளர்ந்த இடுப்பு தாங்காது. ஆதலால் எடை குறைந்த இளங்கிடாயைத் தெரிந்து, மறியைக் கயிற்றிற் பிடித்து, உறுதியான தரையில் ஒரு முறையோ இரு முறையோ சேர்த்தபின் கிடாயை அகற்றிவிடுக. நாள் முழுதும் கிடாயோடு விடலாகாது. இரட்டைக் குட்டியே ஈன்று பழகிய மறியாயின் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும்.

6. காலத்தைத் தெரிதல்

நமது பகுதியில் ஏப்பிரல் மாதத்திற் சேர்த்த மறி செப்டெம்பர் மாதத்தில் ஈனும். கருச்சுமை மிகும் கடைசி இரு மாதமும் வரண்ட காலத்தில் அமையும். சிறுபோக வெட்டின் வைக்கோலும் அப்போது கிடைக்கும். ஒக்டோபரிற் சேர்த்தாலோ கருக்காலத்தின் நடுப்பகுதி முழுவதும் நுளம்பு மிகுந்த மாரியில் அமையும். ஒரு முறை நோய் வந்ததனால் மறுமுறை வராதென்று நம்பியிருத்தல் கூடாது; புதிய கடி புதிய புழுவைத் தரும். ஏப்பிரலுக்குள் சோதனைகளில் தேறாத மறியை அடுத்த ஆண்டுவரை நிறுத்தி வைத்தலே நன்று. காத்திருப்பதால் இழப்பது ஓர் ஈற்று. அவசரத்தால் இழப்பது தாயும் குட்டியும்.

செப்டெம்பரிற் பிறக்கும் குட்டி மழை மிகும்போது இரண்டு மாதப் பருவத்தில் இருக்கும். அதற்கு ஈரமில்லாத, நிலத்திலிருந்து உயர்த்திய பலகைத் தளமுள்ள கொட்டில் வேண்டும்.

7. மருந்து பற்றிய எச்சரிக்கை

புழு மருந்தின் வகையையும் அளவையும் வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். கடைகளில் எளிதிற் கிடைக்கும் அல்பெண்டசோல் என்னும் குடற்புழு மருந்தைக் கருக்கொண்ட முதல் மாதத்திற் கொடுத்தால் கரு ஊனமடையலாம். மறி சேர்ந்த நாளைக் குறித்து வைத்து, மருந்து பெறும்போது வைத்தியரிடம் கூறுக. மருந்து ஏற்றிய ஆட்டின் பாலையும் இறைச்சியையும் வைத்தியர் கூறும் நாள் கழியும்வரை உட்கொள்ளலாகாது. பிழைக்காதென அஞ்சி, மருந்து ஏற்றிய மறுநாளே இறைச்சிக்கு விற்றல் உண்பவருக்குத் தீங்காகும்.

8. சேர்க்க இயலாத மறியை என் செய்வது?

வெளிப்படையான நொண்டியுள்ள ஆடு குர்பானுக்கு ஏற்றதன்று என்பதை நம்மவர் யாவரும் அறிவர். ஆதலால் கால் தளர்ந்த ஆட்டுக்குப் பெருநாட் சந்தையில் விலை கிடையாது. அவ்விழப்பை ஒரு குட்டியாலாவது ஈடுசெய்வோம் என்று எண்ணியே பலர் தளர்ந்த மறியையும் கிடாயிடம் விடுகின்றனர். அவ்வெண்ணம் இயல்பானதாயினும் அதனால் இழப்பு இரட்டிப்பாகின்றது. இவ்வாறான மறியை மருந்தின் நாட்கள் கழிந்தபின் முறைப்படி இறைச்சிக்கு விற்கலாம். அல்லது அதற்கு முன்பு பிறந்த நல்ல பெண்குட்டியை அதனிடத்தில் வளர்த்தெடுக்கலாம். நோய் வித்தில் இல்லையாதலால் அக்குட்டி குறையுடையதன்று. இனவிருத்திக்கென விற்பதாயின் வந்த நோயையும் எஞ்சிய குறையையும் வாங்குபவருக்கு மறையாது கூறுதல் வேண்டும்.

9. மீண்டும் வாராது காத்தல்

மாடு கட்டும் இடத்துக்கு அருகே ஆட்டுக்கொட்டிலை அமைக்காதீர். மாலைக் கருக்கல் முதல் விடியும்வரை கொட்டிலுக்கு நுளம்பு வலை இடுக. சினையாட்டுக்கும் தேறிய ஆட்டுக்கும் இஃது இன்றியமையாதது. வேப்பிலைப் புகை சிறிது உதவும், வலைக்கு ஈடாகாது. வளவிலுள்ள சிரட்டை, உடைந்த பானை, பழைய டயர், அடைபட்ட கான் ஆகியவற்றில் நீர் தேங்கவிடாதீர். ஊரின் மாட்டுக்காரரும் மாரி தொடங்குமுன் வைத்தியரைக் கலந்து மாடுகளுக்குப் புழு மருந்து கொடுப்பாராயின், அவற்றின் இரத்தத்திலுள்ள புழுக்குஞ்சுகள் குறையும். மாட்டுக்காரரின் ஒத்துழைப்பின்றி ஆட்டுக்காரர் இந்நோயை முற்றாகத் தடுத்தல் அரிது.

சுருக்கம்

1. இடுப்பு வாதம் நுளம்பு கொண்டுவரும் மாட்டுப் புழுவால் வருவது, பரம்பரையன்று.

2. கால் தளர்ச்சி யாவும் இடுப்பு வாதமன்று. வைத்தியரைக் கொண்டு நோயைத் தெரிந்து எழுதி வைக்க.

3. மூன்று மாதம் வாராவாரம் சோதித்துத் தேறிய மறியை மட்டும் சேர்க்க.

4. ஏப்பிரலில் சேர்க்க; மாரியில் சினை சுமக்க விடாதீர்.

5. துணையின்றி எழமாட்டாத மறியைச் சேர்க்காதீர்.

6. வலையிட்ட, உயர்ந்த, மாட்டிலிருந்து விலகிய கொட்டிலே அடுத்த ஈற்றுக்குக் காவல்.

நோய்ப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நல்ல மறியைக் கழித்துவிடவும் வேண்டாம். எழுந்து நடந்த மாத்திரத்தில் கிடாயிடம் விடவும் வேண்டாம். ஐயமுள்ளவிடத்து, சேர்ப்பதற்கு முன்பே, உங்கள் பிரதேசத்து அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்திற் குறிப்புக் கொப்பியைக் காட்டி ஆலோசனை பெறுக.